வெறும் மேலோடு இருந்த மனிதர்

லண்டனில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியை எறிய வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்க வேண்டும். பல் வைத்தியரிடம் போவது மாதிரித்தான். குறித்த நேரத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவரிடம் வீட்டு முகவரியை நிரூபித்து, அவர் கை காட்டுகிற இரும்புத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, உலகத்தைக் காப்பாற்றிய களைப்போடு திரும்பி வரலாம். இவ்வளவு சிரமப்பட விரும்பாதவர்களுக்கு நன்கொடை என்று ஒரு வழி இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு நன்றிக் கடிதமும் வரும்.

அப்படி எடுத்துக்கொண்டு போகிற ஓர் அமைப்பில்தான் நான் சனிக்கிழமைகளில் தொண்டு செய்கிறேன். பழைய கணினிகளைத் துடைத்து, நெற்றியில் ஒரு நீல இதயத்தை ஒட்டி, ஏழை நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவது அவர்களுடைய பணி. தேநீர் போடுவதும் தபால் பிரிப்பதும் என்னுடைய பணி. இதற்குச் சம்பளம் கிடையாது. நீல இதயம் போட்ட துணிப்பை ஒன்று தந்திருக்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் எங்களுக்கும் இன்னோர் அமைப்புக்கும் ஒரு விவாத மேடை நடந்தது. அவர்கள் 'மின்கழிவை ஏழை நாடுகளில் கொட்டாதே' கட்சி. நாங்கள் 'எறியாதே, கொடு' கட்சி. எங்கள் பணிப்பாளர் ஒலிவியா முதலில் எழுந்து திரையில் ஒரு படத்தைப் போட்டார். வெறும் மேலோடு, காலில் செருப்பில்லாமல், உடம்பெல்லாம் மண் அப்பிய ஒரு மனிதர், உடைந்த கணினிக் குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவருக்கு ஒரு கணினி கொடுங்கள்" என்றார் ஒலிவியா. சபை கைதட்டியது. அடுத்து மற்றக் கட்சிக்காரர் எழுந்து தன் படத்தைப் போட்டார். அதே மனிதர், அதே மண், அதே கடல். "இவர் தலையில் கொட்டாதீர்கள்" என்றார். சபை அதற்கும் கைதட்டியது.

இரண்டு பேரும் இணையத்தில் ஒரே படக்கடையில் வாங்கியிருக்கிறார்கள். அங்கே 'ஏழ்மை' என்று தேடினால் முதலில் வருகிறவர் இவர்தானாம். அதன் பிறகு அந்த மாலை முழுவதும் இந்த மனிதர்மீது யாருக்குப் பாசம் அதிகம் என்ற போட்டியாகப் போய்விட்டது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, அனுப்புகிற பெட்டிகளில் எத்தனை வேலை செய்யும், அங்கே அவற்றை யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்று கேட்டார். சபை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு முகத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்பது மனிதாபிமானம் இல்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

படத்தின் கீழே 'வட இலங்கைத் தீவு ஒன்று' என்று இருந்தது. ஒலிவியா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் என் மச்சாளின் மகளுக்குக் கலியாணம் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லியிருந்தேன். அந்த மனிதரைக் கண்டுபிடித்து, அவர் நன்றி சொல்வதை ஒரு நிமிடப் படமாக எடுத்து, அமைப்பின் வருடாந்த இரவு விருந்துக்கு முன் அனுப்ப வேண்டும் என்றார். நான் யாழ்ப்பாண நகரத்தில் பிறந்தவள். எங்களுக்குத் தீவு என்பது பாலத்துக்கு அப்பால் உள்ள வேறு நாடு. அதைவிட லண்டன் கிட்ட. இதை ஒலிவியாவுக்கு விளக்க முடியவில்லை.

கலியாணம் முடிந்த மறுநாள் காலை ஓர் ஓட்டோவில் புறப்பட்டேன். ஓட்டியவர் பெயர் சவிரிமுத்து. ஊர்காவற்றுறைக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். பாலத்தில் ஏறியதுமே அவருடைய ஓட்டத்தில் ஏதோ பிழை இருப்பது தெரிந்தது. வளைவுகளில் மிகவும் முன்னதாகவே திருப்பத் தொடங்கி, அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதிரே பேருந்து வந்தபோது கையைத் தூக்கிக் காட்டினாரே தவிர பிரேக்கை நினைக்கவில்லை.

"நான் கடலுக்குப் போற ஆள், அக்கா" என்றார். "இது தம்பியின்ரை ஓட்டோ. என்ரை ஜீபிஎஸ் திருத்தக் குடுத்த இடத்தில அம்பிட்டுப்போச்சு. அது இல்லாமல் ஆழக்கடலுக்குப் போக ஏலாது. தெரியாமல் எல்லை தாண்டினால் பிறகு ஆர் மீட்கிறது?"

அவர் ஜீபிஎஸ் கொடுத்த இடம் கரம்பொனில் குணம் முதலாளி என்பவருடைய வளவு. குணம் முதலாளி பழைய ரீவி, கொம்பியூட்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கொழும்பில் வாங்கி வந்து திருத்தி விற்கிறவர். தீவுகளில் எது பழுதானாலும் அவரிடம்தான் போகுமாம். ஏதோ ஒரு வெளிநாட்டு அறிக்கையில், வெளிநாட்டுக் கழிவைக் கொண்டுவந்து தீவில் கொட்டுகிறார்கள் என்று எழுதியிருக்க, அதைப் பார்த்த அதிகாரி வளவைச் சீல் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேதான். சவிரிமுத்துவைப்போல இன்னும் பலருடைய கருவிகள் அதற்குள் கிடந்தன.

"அந்த அறிக்கை விட்டவையை ஒருக்காக் காட்டினீங்கள் எண்டால் நல்லம்" என்றார். நான் துணிப்பையில் இருந்த நீல இதயத்தை மடிப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். அறிக்கை விட்டது நாங்கள் இல்லை, மற்றக் கட்சியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எதற்கு வம்பு.

சாட்டிக் கடற்கரையில் கடலைப் பார்த்ததும் அவருக்குக் கை தானாகத் திரும்பியிருக்க வேண்டும். ஓட்டோ மணலில் புதைந்து நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து குளிக்க வந்திருந்த ஒரு குடும்பம் தள்ளிக் கொடுத்தது. தள்ளி முடிந்ததும் அவர்களிடம் கைத்தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டேன். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண் படத்தை வாங்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"லண்டனில இருந்தோ வாறியள்?"

"ஓம்."

"தனியவோ?"

"ஓம்."

"இவர் உங்களுக்கு என்ன முறை?"

ஒரு முறையும் இல்லை, நன்றி சொல்ல வைக்க வேண்டும் என்றேன். அவர் எனக்கு இரண்டு றோல்சும் வெறுந்தேத்தண்ணியும் தந்து, மிகுந்த பரிவோடு வழியனுப்பினார். சட்டை போடாத ஓர் ஆணின் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் பெண்ணைப் பற்றி அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சில வீடுகளிலாவது பேசியிருப்பார்கள்.

சவிரிமுத்துவிடமும் படத்தைக் காட்டினேன். அவர் வெயிலைக் கையால் மறைத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த முகம் நான் காணாத முகம். உப்பிடி மெலிஞ்சு, மண்ணும் ஊத்தையுமாய் இருக்கிற ஆள் எண்டால் நெடுந்தீவிலதான் இருக்கும். அங்கைதான் அக்கா சனம் பாவம்."

லண்டனில் கேட்டால் ஏழைகள் இலங்கையில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்டால் தீவில். ஊர்காவற்றுறையில் கேட்டால் நெடுந்தீவில். நெடுந்தீவுக்கு அப்பால் கடல்தான். ஆகவே அங்கே போனால் ஆள் தப்ப முடியாது என்று நானும் நம்பினேன்.

இரண்டாம் நாள் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் படகு. சவிரிமுத்துவும் கூட வந்தார். கடலில் இறங்கியதும் அவர் வேறு மனிதராகிவிட்டார். படகோட்டியின் ஒவ்வொரு திருப்பத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு விமர்சித்தார். முதல் நாள் ஓட்டோவில் நான் இருந்த நிலையில் இன்றைக்கு அவர் இருந்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம்தான். படகுக்குள் சிமெந்துப் பைகள், ஒரு மோட்டார் சைக்கிள், பாண் பெட்டி, நடுவில் நாங்கள். நெடுந்தீவு தெரியத் தொடங்கியபோது காலையில் சாப்பிட்ட இடியப்பம் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் பையைப் பிடித்துக்கொண்டார். லண்டன் சுரங்க ரயிலில் இப்படி நடந்திருந்தால் பெட்டியே காலியாகியிருக்கும்.

இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை. கடைக்காரப் பெண்ணை எல்லோரும் செல்வராணி அக்கா என்றார்கள். புட்டும் நண்டுக் குழம்பும் வைத்தார். வயிறு வேண்டாம் என்றது, நாக்கு கேட்கவில்லை. சாப்பிட்டு முடிந்த பிறகு படத்தைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு ஒரே பார்வையில் சொன்னார்.

"இது குணம் முதலாளி எல்லோ. பிரதட்டை அடிச்சிட்டு இருக்கிறார்."

சவிரிமுத்து நண்டுக் காலோடு எழுந்து வந்தார்.

"எந்தக் குணம் முதலாளி?"

"கரம்பொன் முதலாளிதான். நயினாதீவு அம்மன்ரை திருவிழாவுக்கு வருசா வருசம் பிரதட்டை அடிக்கிறவர். நாங்களும் அங்கை போறனாங்கள்தானே. ஈர வேட்டியோடை வீதி முழுக்க உருண்டால் உடம்பில மண் இராமல் சந்தனமோ இருக்கும்?"

சவிரிமுத்து படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். அவர் அந்தோனியாரைக் கும்பிடுகிற ஆள். தேவாலயத்துக்கு எல்லோரும் இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள். அம்மன் கோயிலுக்கு ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.

"நான் முதலாளியை ஒருநாளும் சேட்டில்லாமல் கண்டதில்லை, அக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "சேட்டுப் பொக்கற்றில பேனையும் இருக்கும்."

இருபது வருடமாகப் பழகியவருக்கே அடையாளம் தெரியவில்லை. சட்டை போகும்போது ஆளும் போய்விடுகிறார். நாங்கள் புறப்பட்டபோது செல்வராணி அக்கா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "லண்டனில சனம் வீடில்லாமல் றோட்டுக்கரையில படுக்குதாம். மெய்யோ?" மெய்தான் என்றேன். "பாவங்கள்" என்றார். அவருடைய கண் கலங்கியே விட்டது.

மூன்றாம் நாள் கரம்பொன். குணம் முதலாளி வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சேட்டு, பொக்கற்றில் பேனை. அறுபது வயதிருக்கும், நல்ல கட்டுமஸ்தான ஆள். மனைவி தேசிக்காய் பிழிந்த தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் வந்த விசயத்தைச் சொன்னேன். நன்றி என்ற சொல் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இந்தப் படம் எனக்கு முதலே தெரியும், பிள்ளை" என்றார். "கனடாவில ரயில் ஸ்ரேசனில ஒட்டியிருக்காம். என்ரை மகள் கண்டுபோட்டு அழுதழுது போன் எடுத்தவள். அப்பா, உங்களுக்கு என்ன நடந்தது எண்டு. அவளுக்காவது விளங்கப்படுத்தலாம். மனிசியின்ரை தமையன் ஒரு பெட்டி நிறையச் சேட்டு அனுப்பியிருக்கிறார்."

"அதுவும் பழசு" என்றார் மனைவி உள்ளேயிருந்து.

அன்றைக்கு நடந்தது இதுதான். நேர்த்திக்கடன் முடித்து வந்தவரை நயினாதீவில் ஒரு பள்ளிக்கூட அதிபர் மறித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நன்கொடையாக வந்த கொம்பியூட்டர்கள் ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, ஒருக்கால் எடுத்துக்கொண்டு போங்கோ என்று. ஊர் வேலை என்று இவரும் படகில் ஏற்றிவிட்டார். சேட்டு இருந்த பை மனைவியோடு முதல் படகில் போய்விட்டது. குறிகட்டுவானில் பெட்டிகளை இறக்கி, லொறி வரும்வரை அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தபோது கமராவோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் சிரித்துக் கும்பிட்டிருக்கிறான். இவரும் சிரித்துக் கும்பிட்டிருக்கிறார். சிரித்த படம் படக்கடையில் விலைபோயிருக்காது போலும். அதற்கு முன் எடுத்ததைத்தான் விற்றிருக்கிறான்.

"வாரும், காட்டுறன்" என்று வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படலையில் அரசாங்க முத்திரை தொங்கியது. கம்பி வேலிக்கு அப்பால் தகரக் கொட்டில், மேசை மேசையாகக் கருவிகள், எல்லாவற்றிலும் பெயர் எழுதிய துண்டு. ஒரு மூலையில், மழை படாமல் தறப்பாள் போட்டு மூடி, படத்தில் இருந்த அந்தக் குவியல். காற்றுக்குத் தறப்பாளின் ஒரு நுனி தூக்கியது. ஒரு கொம்பியூட்டரின் நெற்றியில் நீல இதயம். பக்கத்துப் பெட்டியிலும் அதே இதயம்.

குணம் முதலாளி என் தோளைப் பார்த்தார். "உம்மட பையில கிடக்கிறதும் உதுதானே?"

இவருக்கு ஒரு கணினி கொடுங்கள் என்று நாங்கள் நாடு முழுவதும் ஒட்டிய படத்தில், அவர் எங்கள் கணினிகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த வெயிலில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

"ஒண்டும் வேலை செய்யாதோ?" என்று கேட்டேன்.

"ரண்டுக்கு உயிர் வந்தது. மற்றதெல்லாம் வரேக்கையே செத்தது. பிள்ளை, நான் கொழும்பில காசு குடுத்து வாங்கிற பெட்டியைப் போட்டுப் பாக்காமல் தூக்கமாட்டன். விக்கிறவனுக்கும் அது தெரியும். சும்மா வாறதை ஆர் போட்டுப் பாக்கிறது? அனுப்பினவையும் பாக்கேல்லை, வாங்கினவையும் பாக்கேல்லை. மாலை போட்டு, நாடா வெட்டி, படம் எடுத்தவை."

"அதிபர் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் அடுத்தமுறை கூரைக்குத் தகரம் கேக்க ஏலுமோ?"

லண்டன் மேடையில் பின்வரிசைப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த வேலிக்கரையில் கிடந்தது. காசு கொடுத்து வாங்குகிற பழைய சாமான் பெரும்பாலும் சாமானாகவே வருகிறது. பாசத்தோடு வருகிறதுதான் குப்பையாக வந்து சேர்கிறது. சீல் விழுந்தது முதலாவதன்மேல். இரண்டாவதுக்கு வருடாந்த இரவு விருந்து நடக்கப்போகிறது.

"நாங்கள் தெற்கில கடை வைச்சு வாழ்ந்த ஆக்கள்" என்றார் அவர் திரும்பி நடக்கும்போது. "கலவரத்தில கடை எரிஞ்சு, உடுத்த உடுப்போடை வந்து இறங்கினனாங்கள். அப்பகூட ஒருத்தரும் எங்களை இப்பிடிப் பாக்கேல்லை. சரி, அதை விடும். உள்ளுக்கை கிடக்கிறது ஊராற்றை சாமான். நம்பித் தந்தவை. வெள்ளிக்கிழமை அது திறக்காட்டி நான் இந்தத் தெருவில நடக்க ஏலாது."

வீடியோவுக்கு மட்டும் அவர் மறுக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் தொலைபேசியைப் பார்த்து, "வணக்கம். உங்கட பெட்டியள் பத்திரமாய்க் கிடக்குது. வந்து எடுத்துக்கொண்டு போனால் மிகவும் நன்றியாயிருப்பன்" என்றார். நன்றி என்ற சொல் இருந்ததால் அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். லண்டனிலிருந்து பதில் உடனே வந்தது. அருமையான பெரியவர், ஆனால் படத்தில் இருக்கிற மனிதரைக் கண்டுபிடிக்க முடியவில்லையா என்று ஒலிவியா கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் கந்தோருக்கு நானும் போனேன். சவிரிமுத்துவும் இன்னும் பல மீனவர்களும் வெளியே பூவரச மர நிழலில் நின்றார்கள். அதிகாரி வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர், நேர்மையான மனிதர். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. அவருடைய மேசையில் அறிக்கை விரித்தபடி கிடந்தது. முழுப்பக்கத்தில் அந்தப் படம்.

"உங்கள் தரப்பை நான் பிறகு கேட்கிறேன்" என்றார் குணம் முதலாளியிடம். "முதலில் இந்தத் தொழிலாளி எங்கே? இவருக்குக் கையுறை இல்லை, செருப்பில்லை, மேலாடைகூட இல்லை. இவரை இந்தக் கழிவுக்குள் வேலை வாங்கியது நீங்கள். இவர் வந்து சொல்லாமல் நான் எதையும் திறக்க முடியாது."

"அது நான்தான், ஐயா."

"நான் கேட்பது முதலாளியை இல்லை. இந்தத் தொழிலாளியை."

"நானேதான் அது."

அதிகாரி படத்தைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் ஏறியது. ஓர் ஏழையை மறைத்து வைத்துவிட்டு வசதியான ஒருவர் வந்து கதை விடுகிறார் என்று அவர் நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் படம் என்ன சொல்லச் சொன்னதோ அதைத்தான் அவர் நம்பினார். நான் எழுந்து, இவர்தான் அவர் என்று சொன்னேன். நீங்கள் யார், இவருக்கு என்ன முறை என்று கேட்டார்.

 பிறகு குணம் முதலாளி பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தார். சேட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய சேட்டை மடித்துக் கதிரையில் போட்டார். செருப்பையும் கழற்றினார். படத்தில் இருந்தது போலவே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்தார். அறையில் இருந்த இலிகிதர் தலையைக் குனிந்துகொண்டார்.  எனக்கு யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது, திட்டுவதற்குத் தகுந்த ஆள் அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாருமில்லை.

அதிகாரி படத்தைத் தூக்கி அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படத்தில் கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறதே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"திருவிழா முடியும்வரை விரதம், ஐயா."

அதன் பிறகு விசாரணை நேராகப் போனது. பிரதட்டையை அவர் சொன்னார். பெட்டிகளை நான் சொன்னேன். துணிப்பையை மேசையில் வைத்து, படத்தில் அவருடைய முழங்காலுக்குக் கீழே தெரிந்த நீலப் புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். அவை எங்கள் அமைப்பு அனுப்பியவை என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

"அப்படியென்றால் இது கழிவே இல்லை" என்றார் அதிகாரி பெருமூச்சோடு. "நன்கொடை. நன்கொடையைக் கழிவு என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இது பாடசாலையின் உடைமை. தனியார் வளவில் இருக்க முடியாது. திரும்பக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள். வளவை இன்றைக்கே திறக்கலாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். குணம் முதலாளி சேட்டை மாட்டிக்கொண்டே, வேண்டாம் என்பதுபோலக் கண்ணால் காட்டினார். பின்னேரம் முத்திரை உடைக்கப்பட்டது. சவிரிமுத்து தன் ஜீபிஎஸ்ஸை இரண்டு கைகளாலும் வாங்கி, சேட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். ஓட்டோவை மறந்துவிட்டார். நான் பேருந்தில் வந்தேன்.

அதிகாரி சொன்னபடி சனிக்கிழமை கணினிகள் நயினாதீவுக்குத் திரும்பின. குணம் முதலாளியோடு நானும் படகில் போனேன். வழியில் ஒலிவியாவுக்கு எல்லாவற்றையும் எழுதி, பெட்டிகளைத் திருப்பி அனுப்ப எந்த முகவரி என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகப் பதில் போட்டார். வருடாந்த விருந்தின் அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம். முன்பக்கத்தில் படம் நன்றாக வந்திருக்கிறதாம். மற்றக் கட்சியும் தங்களுடைய அறிக்கையைத் திருத்துவதாக இல்லை. அந்தப் படம் உண்மையில்லாவிட்டாலும் அது சொல்கிற விசயம் உண்மை என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

அதிபர் இறங்குதுறைக்கே வந்து நின்றார். பெட்டிகளைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிள்ளைகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதே அறை, அதே மூலை. இம்முறை நாடா வெட்டவில்லை.

"வந்தனாங்கள், அம்மனைக் கும்பிட்டிட்டுப் போவம்" என்றார் குணம் முதலாளி.

கோயில் வாசலில் கால் கழுவினோம். ஆண்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டே சட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குணம் முதலாளியின் கை முதல் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. இடப்பக்கம் பார்த்தார். இறங்குதுறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீலத் தொப்பி போட்ட ஓர் உல்லாசப் பயணி கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்து முடித்துப் போகும்வரை குணம் முதலாளி கால் கழுவுகிற குழாயடிக்கு மறுபடியும் போய், கழுவிய காலையே கழுவிக்கொண்டு நின்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் தொலைபேசி இருந்தது. நேரம் பார்ப்பதற்காகத்தான் எடுத்திருந்தேன்.

"அதை உள்ளுக்கை வையும், பிள்ளை" என்றார்.

நான் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் தன் அம்மனுக்கு முன்னால் அவர் சேட்டைக் கழற்றினார்.